எல்.எல்.ஆர். தேர்வு: எந்தக் கேள்வியில் சறுக்குகிறது, ஏன்?

#1 முதல்கியர்

எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், என்றாலே "அதெல்லாம் பத்து நிமிஷ வேலை" என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சை நம்பி எதையும் புரட்டாமல் போய் உட்காருகிறவர்கள்தான் தோற்கிறார்கள். இந்தத் தேர்வில் யாரும் வண்டி ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. திரையில் ஒரு கேள்வி, கீழே சில விடைகள், ஓரத்தில் ஓடும் கடிகாரம். வண்டி ஓட்டிப் பழகிய கை இங்கே உதவாது. சில சமயம் கெடுக்கவும் செய்யும். எங்கே சறுக்குகிறது என்பதை ஒரே இழையில் சேர்க்கலாம் என்று தொடங்குகிறேன்.

தேர்ச்சிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 11 கேட்பது 60 விழுக்காடு. பத்துக்கு ஆறு, பதினைந்துக்கு ஒன்பது. எதைக் கேட்கலாம் என்பதையும் அதே விதி சொல்லிவிடுகிறது: போக்குவரத்துக் குறிகளும் சாலை விதிகளும், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள். கார்புரேட்டர், கிளட்ச் பிளேட் என்று படிக்கத் தேவையே இல்லை.

விண்ணப்பம் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தின் சாரதி பகுதியில். தனியாகப் போட முடியாதவர்கள் இ-சேவை மையத்தில் போடலாம். சட்டப்படியான கட்டணம் ஒவ்வொரு வாகன வகைக்கும் 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். இதற்கு மேல் வருவது சேவைக் கட்டணம். தோற்றால் மறுதேர்வுக்கு மறுபடி 50.

இதில் கவனிக்க வேண்டியது வாகன வகை. கியர் இல்லாத இருசக்கர வண்டி, கியர் உள்ள இருசக்கர வண்டி, இலகு ரக வாகனம் என்று தனித்தனியாக இருக்கும். ஸ்கூட்டி ஓட்டினால் போதும் என்று கியர் இல்லாததை மட்டும் டிக் செய்துவிட்டால், பின்னால் பைக் வாங்கும்போது அந்த வகையைச் சேர்க்க மறுபடி எல்.எல்.ஆர்., மறுபடி கட்டணம், மறுபடி எட்டு போட்டுக் காட்டும் ஓட்டுத் தேர்வு. கியர் உள்ளதை எடுத்தால் இரண்டையும் ஓட்டலாம். பைக்கும் காரும் வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டுவிடுங்கள்.

#2 வைகைக்கரை

நல்ல இழை அண்ணே. ஒரு சந்தேகம். ஆதார்ல இனிஷியல் முன்னாடி இருக்கு, பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்ல பின்னாடி இருக்கு. விண்ணப்பத்துல மாத்திக்கலாமா?

#3 முதல்கியர்

ஆதார் வழியாகப் போட்டால் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஆதாரிலிருந்து அப்படியே வந்து உட்காரும். அங்கே கை வைக்க முடியாது. எல்.எல்.ஆரில் எப்படி வருகிறதோ அப்படியேதான் லைசென்ஸிலும் வரும். நம் ஊரில் இனிஷியலை விரித்து எழுதுவதா, முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறுவதால் இது பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதுதான் வெடிக்கும். ஆதாரைத் திருத்தி, திருத்தம் ஏறியதை உறுதி செய்துகொண்டு, பிறகு விண்ணப்பம் போடுங்கள் தம்பி. நாலு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

ஆதாரோடு இணைத்த மொபைல் எண் இப்போது கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய சிம் போய்விட்டால் ஓ.டி.பி. வராது, விண்ணப்பம் முதல் படியிலேயே நின்றுவிடும்.

#4 பச்சைவிளக்கு

குறிகளைப் பற்றி நான் எழுதுகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே தெரிந்ததுபோல இருக்கும். ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தால்தான் எது தெரியவில்லை என்பது தெரியும்.

முதலில் வடிவம். வட்டம் என்றால் கட்டளை. சிவப்பு வளையம் போட்ட வட்டம் 'கூடாது' அல்லது 'இதற்கு மேல் கூடாது'. முழு நீல வட்டம் 'இதைச் செய்தே ஆக வேண்டும்'. முக்கோணம் எச்சரிக்கை. நீலச் செவ்வகம் தகவல். இந்த ஒழுங்கை மீறி நிற்பவை இரண்டு: எண்கோணத்தில் 'நில்', தலைகீழ் முக்கோணத்தில் 'வழிவிடு'. இரண்டும் கட்டளைக் குறிகளே. பலகையில் மண் படிந்து எழுத்து மறைந்தாலும், எதிர்ப்பக்கமிருந்து முதுகை மட்டும் பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தனி வடிவம். 'தலைகீழ் முக்கோணம் எச்சரிக்கைக் குறி' என்று டிக் அடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

இனி ஜோடிகள்.

நீலப் பின்னணி, சிவப்பு வளையம், குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு: வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது, அதாவது பார்க்கிங் தடை. அதே நீலம், அதே வளையம், ஆனால் பெருக்கல் குறிபோல இரண்டு கோடுகள்: ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. தமிழில் இரண்டுக்குமே 'நிறுத்த' என்ற சொல்தான் வரும். அதனால் தமிழில் தேர்வு எழுதுகிறவர்கள் இங்கே கூடுதலாகக் குழம்புகிறார்கள். ஒரு கோடு என்றால் ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம். இரண்டு கோடு என்றால் அதுவும் கூடாது. இப்படி மனதில் வைத்தால் விடையில் எந்தச் சொல் இருந்தாலும் பிடித்துவிடலாம்.

சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் பட்டை: நுழையாதே. சிவப்பு வளையம், நடுவில் ஒன்றுமே இல்லாத வெள்ளை: இரு திசையிலும் எந்த வாகனமும் போகக் கூடாது. காலியாக இருக்கிறதே என்று 'தடை நீங்கியது' என்று எண்ணிவிடுவார்கள். தடை நீங்கியதற்கு வளையமே சிவப்பில் இருக்காது. வெள்ளை வட்டத்தின் குறுக்கே கறுப்புச் சாய்கோடுகள் ஓடும்.

சிவப்பு வளையத்தில் 50: அதற்கு மேல் போகாதே. நீல வட்டத்தில் 30: அதற்குக் கீழே குறையாதே.

இரண்டு அம்பு முனைகள் இடமும் வலமுமிருந்து எண்ணை நெருக்கினால் அகல வரம்பு. மேலும் கீழுமிருந்து நெருக்கினால் உயர வரம்பு. எண்ணோடு டன் குறி மட்டும் இருந்தால் மொத்த எடை. கீழே சக்கரம் கோத்த அச்சு வரைந்திருந்தால் ஓர் அச்சின் மேல் வரும் எடை.

முக்கோணங்களில், கோடு லேசாக வளைந்து மேலே போனால் சாதாரண வளைவு. போன வழியே திரும்பி வருவதுபோல மடங்கினால் கொண்டை ஊசி வளைவு. கீழ்க்கோடு மேலே புடைத்தால் வேகத்தடை அல்லது மேடு. உள்ளே குழிந்தால் பள்ளம்.

ஹாரன் படம் சிவப்பு வளையத்தில் கோடு போட்டிருந்தால் அடிக்கக் கூடாது. அதே ஹாரன் நீல வட்டத்தில் இருந்தால் கட்டாயம் அடிக்க வேண்டும். 'ஹாரன் அடி' என்றும் ஒரு குறி இருக்கிறதா என்று பலர் கேட்பார்கள். எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாத வளைவுகளுக்காக இருக்கிறது.

#5 எட்டுபோடு

பச்சைவிளக்கு சொன்னதெல்லாம் சரி. ஆனால் இவ்வளவு புரிந்துகொண்டு போக வேண்டுமா? கேள்வி வங்கி ஒன்றை எடுத்து நாலு தடவை படித்தால் 60 விழுக்காடு தானாக வருகிறது. மாதிரித் தேர்வும் சாரதியிலேயே இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் வழி.

#6 பச்சைவிளக்கு

மாதிரித் தேர்வு எழுத வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. திரை எப்படி இருக்கும், கடிகாரம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது பழகும். ஒரு விடையை உறுதி செய்துவிட்டால் திரும்பிப் போய் மாற்ற முடியாது என்பதும் கைக்குப் பழக வேண்டிய விஷயம்.

ஆனால் விடையை மட்டும் உருப்போட்டால் இரண்டு இடத்தில் உதைக்கும். ஒன்று, கேள்வி ஒன்றாகவே இருந்தாலும் விடைகளின் வரிசை மாறியிருக்கலாம். 'இதற்கு இரண்டாவது' என்று மனப்பாடம் செய்தவர் இரண்டாவதையே தட்டிவிட்டுப் போவார். இரண்டு, எதிர்மறைக் கேள்வி. "எப்போது முந்தலாம்" என்று படித்திருப்பீர்கள்; திரையில் "எப்போது முந்தக் கூடாது" என்று வரும். கண் முதல் பாதியைப் பார்த்ததுமே கை பழைய விடைக்குப் போய்விடும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. 'கூடும்', 'கூடாது' இரண்டும் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கும். ஆகவே கேள்வியைக் கடைசிச் சொல்லிலிருந்து படியுங்கள். 'கூடாது', 'தவறானது', 'தவிர' ஆகிய மூன்றில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்னால் வாருங்கள். இரண்டு நொடி செலவாகும், ஒரு மதிப்பெண் மிஞ்சும்.

#7 எட்டுபோடு

கடைசிச் சொல்லிலிருந்து படிப்பது நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியே ஆங்கிலத்தில் எழுதுவதா தமிழில் எழுதுவதா என்பதையும் சொல்லிவிடுங்கள். சிலர் ஆங்கிலமே எளிது என்கிறார்கள்.

#8 பச்சைவிளக்கு

எந்த மொழியில் படித்தீர்களோ அந்த மொழியில். தமிழில் கேள்வி வங்கி படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினால் ஒவ்வொரு கேள்வியையும் மனதுக்குள் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். கடிகாரம் அதற்குக் காத்திருக்காது. தமிழ் என்றால் சில சொற்களை முன்கூட்டியே பார்த்துவையுங்கள்: நாற்சந்தி, நடைபாதை, சாலை நடுத்திட்டு, முந்துதல், வழிவிடுதல், இருப்புப்பாதை சந்திக்கடவு. கடைசியாகச் சொன்னது ரயில்வே கேட்தான். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் திரையில் பார்த்ததும் திகைப்பார்கள்.

#9 நாற்சந்தி

இடம் வலம் சார்ந்த கேள்விகளைச் சேர்க்கிறேன். இவைதான் அதிகம் மாறிப்போகின்றன.

நாம் போவது சாலையின் இடப்பக்கம். எனவே எதிரே வருகிற வண்டி நம் வலப்பக்கமாகக் கடந்து போகும். முன்னால் போகிற வண்டியை முந்துவதும் அதன் வலப்பக்கமாக. இடப்பக்கமாக முந்த ஒரே ஒரு சூழல்தான் உண்டு: முன்னால் போகிறவர் வலப்பக்கம் திரும்ப சைகை காட்டி, சாலையின் நடுப்பகுதிக்கு ஒதுங்கியிருக்க வேண்டும். சைகை மட்டும் போதாது, ஒதுங்கியும் இருக்க வேண்டும்.

நடைபாதை இல்லாத சாலையில் நடந்து போகிறவர் வலப்பக்கமாக நடக்க வேண்டும். இதை 'இடது' என்றே டிக் அடிப்பார்கள். வலப்பக்கம் நடந்தால்தான் தம்மை நோக்கி வரும் வண்டி முகத்துக்கு நேரே தெரியும். இடப்பக்கம் நடந்தால் வண்டி முதுகுக்குப் பின்னால் வரும். காரணத்தைப் பிடித்துக்கொண்டால் விடை மறக்காது.

இடப்பக்கம் திரும்பும்போது இடது ஓரத்தை ஒட்டி வந்து திரும்பு. வலப்பக்கம் திரும்பும்போது சாலையின் நடுவுக்கு வந்து திரும்பு. சிக்னலும் போலீஸும் இல்லாத நாற்சந்தியில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி. ரவுண்டானாவில் ஏற்கனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி. மலைச்சாலையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், ஏனென்றால் ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கடினம், பின்னோக்கி உருளும் ஆபத்தும் அதற்குத்தான். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி வந்தால் மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. ஒதுங்கி வழிவிட வேண்டும். விடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கைச் சைகைகளும் கேட்கப்படும். எல்லாமே வலது கையால், ஜன்னலுக்கு வெளியே. கையை நேராக நீட்டி உள்ளங்கையை முன்பக்கம் காட்டினால் வலது. நீட்டிய கையைக் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் சுழற்றினால் இடது. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைக்கிறேன். கை செங்குத்தாக மேலே போனால் நிற்கப்போகிறேன். கையை முன்னும் பின்னுமாக வீசினால் பின்னால் வருகிறவரை முந்திப் போகச் சொல்வது. வேகம் குறைப்பதும் முந்தச் சொல்வதும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது, அம்புக்குறி மேல்-கீழா முன்-பின்னா என்று பாருங்கள்.

#10 கொங்குவண்டி

மஞ்சள் விளக்கைப் பத்தி ஒரே குழப்பமுங்க. "சிவப்பு வர்றதுக்குள்ள போயிரணும்"னுதான் ரோட்டுல எல்லாரும் செய்யறாங்க. தேர்வுல என்ன போடறது?

#11 நாற்சந்தி

ரோட்டில் நடப்பதைப் போடாதீர்கள். எரிந்துகொண்டே இருக்கும் மஞ்சளுக்குப் பொருள், நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் நில். பாதுகாப்பாக நிற்க முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவர் மட்டும் கடந்து போகலாம்.

அந்த விலக்கு எதற்கு என்று கணக்குப் போட்டால் தெரியும். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடுவோம். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஒரு நொடி போய்விடும். பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் அதற்கு மேல். கோட்டுக்கு 10 மீட்டரில் இருக்கும்போது மஞ்சள் விழுந்தால் திடீரென்று அழுத்துவதுதான் ஆபத்து. 50 மீட்டர் தள்ளி இருக்கும்போது மஞ்சளைப் பார்த்து ஆக்ஸிலரேட்டரைக் கொடுப்பது விதி மீறல்.

மின்னி மின்னி எரிவது வேறு. மின்னும் மஞ்சள்: வேகத்தைக் குறைத்து, கவனமாகப் போ. மின்னும் சிவப்பு: முழுதாக நின்று, பார்த்து, பாதுகாப்பு என்றால் போ. கேள்வியில் 'மின்னும்' என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் மதிப்பெண் இருக்கிறது.

#12 வைகைக்கரை

ஆளில்லா ரயில்வே கேட்டைப் படிக்கணுமா? அகலப்பாதையில அதெல்லாம் 2019 ஜனவரியோட ஒழிச்சுட்டாங்களே.

#13 முதல்கியர்

ஒழித்தது உண்மை. ஆனால் விதி 11 இதைத் தேர்வின் நான்கு தலைப்புகளில் ஒன்றாக இன்னும் வைத்திருக்கிறது. கேள்வி வரத்தான் செய்யும்.

விடையும் சட்டத்திலேயே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 131: வண்டியை நிறுத்த வேண்டும். நடத்துநரோ கிளீனரோ உடன் வருகிறவரோ இறங்கி கேட் வரை நடந்து போய், இரு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்து, வண்டியைக் கடத்திவிட வேண்டும். வண்டியில் வேறு யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். "ஹாரன் அடித்துக்கொண்டே விரைவாகக் கடக்கவும்", "வேகத்தைக் குறைத்துக் கடக்கவும்" என்றெல்லாம் விடைகள் இருக்கும். இரண்டாவது நியாயமாகத் தோன்றும், ஆனால் தவறு. 'நிறுத்து, இறங்கு, பார்' ஆகிய மூன்றும் உள்ள விடையே சரி.

குறியிலும் இதே ஜோடிக் குழப்பம். முக்கோணத்துக்குள் படல் போட்ட கதவு இருந்தால் ஆள் உள்ள கேட். முக்கோணத்துக்குள் ரயில் என்ஜின் இருந்தால் ஆளில்லா கேட். ரயில் படம் பெரிதாகத் தெரிவதால் அதைத்தான் 'ரயில்வே கேட்' என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். கதவு இருக்கிற இடத்தில் கதவைப் பார். கதவு இல்லாத இடத்தில் ரயிலைப் பார்.

#14 சாலைத்துணை

விபத்துக் கடமை பற்றி யாரும் எழுதவில்லையே. மனிதர் உயிர் சம்பந்தப்பட்டது, தேர்வோடு மறந்துவிடக் கூடாதது.

பிரிவு 134. காயம்பட்டவரை அருகிலுள்ள மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ கொண்டு செல்ல எல்லா நியாயமான முயற்சியும் எடுக்க வேண்டும். கூட்டத்தின் ஆவேசமோ தம் கையை மீறிய வேறு காரணமோ தடுத்தால் மட்டும் அதற்கு விலக்கு. போலீஸ் கேட்கும் விவரங்களைத் தர வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விடைகளில் "காவல் நிலையத்துக்குப் போய்த் தெரிவிப்பது" மட்டும் தனியாக ஒன்று, "சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது" ஒன்று என்று இருக்கும். சிகிச்சை முதலில் வரும் விடையை எடுங்கள்.

வழியில் போகிறவர் காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தால் அவர் மேல் வழக்கு வருமோ என்று இன்னும் பயப்படுகிறார்கள். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 134ஏ அவரைக் காக்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லி அவரை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

வெள்ளைக் கம்பு பிடித்த பார்வையற்றவர் சாலையைக் கடந்தால், அந்தக் கம்பையே 'நில்' என்ற குறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு 'ஹாரன் அடித்து எச்சரிக்கவும்' என்று ஒரு விடை இருக்கும். தொடாதீர்கள்.

#15 எட்டுபோடு

ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. வாடகை வண்டி என்றால் பர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று) கூடுதலாக. டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆகிய அரசு செயலிகளில் உள்ளவை 2018 முதல் செல்லும். வாடகை வண்டியை அடையாளம் காண்பது எதை வைத்து என்ற கேள்விக்கு விடை நம்பர் பிளேட்டின் நிறம்: மஞ்சளில் கறுப்பு எழுத்து. சொந்த வண்டி வெள்ளையில் கறுப்பு. நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார் கறுப்பில் மஞ்சள். மின்சார வண்டி பச்சை.

குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால்.

#16 தென்காசிச்சாரல்

வயது பற்றிக் கேட்க வேண்டும் சார். 16 வயதில் எல்.எல்.ஆர். தருவார்களாமே? பள்ளிக்கூடத்துக்கு மொபட்டில் போக எடுக்கலாமா?

#17 முதல்கியர்

சட்டத்தில் இருப்பது இதுதான்: கியர் இல்லாத, என்ஜின் 50 சி.சி.க்கு மேல் போகாத வண்டிக்கு மட்டும் 16 வயதில், பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதத்தோடு. ஆனால் கடையில் கிடைக்கும் மொபட்டைப் பாருங்கள்: எக்ஸ்.எல். 100 வண்டியின் என்ஜின் 99.7 சி.சி. சாதாரண ஸ்கூட்டர்கள் 110, 125. எல்லாமே வரம்புக்கு வெளியே. 16 வயது எல்.எல்.ஆரை வைத்துக்கொண்டு அவற்றை ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகத்தான் ஆகும்.

பெற்றோர் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 18 நிறையாதவர் ஓட்டிப் பிடிபட்டால் பிரிவு 199ஏ-யின்படி பாதுகாவலர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயதாகும் வரை எல்.எல்.ஆரே கிடைக்காது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் வண்டி ஓட்ட முடியாது என்று அர்த்தம்.

#18 கொங்குவண்டி

எங்க வீட்டுல பெரியவருக்கு 46 வயசுங்க, இப்பத்தான் கார் கத்துக்கறாரு. நிறக்குருடு லேசா இருக்குன்னு கண் டாக்டர் சொன்னாரு. போடலாமுங்களா?

#19 சாலைத்துணை

போடலாம். 40 வயதுக்கு மேல் என்பதால் படிவம் 1ஏ, மருத்துவர் சான்று, கட்டாயம். 40-க்குக் கீழே சொந்த வண்டிக்குப் படிவம் 1 என்ற சுய அறிவிப்பு போதும். லேசான, மிதமான நிறக்குருடு உள்ளவர்களுக்கு உரிமம் தரலாம் என்று 2020 ஜூனில் விதியைத் திருத்தினார்கள். சான்று தரும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

சுய அறிவிப்பில் ஒரு கேள்வி இருக்கும்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' போடுவார்கள். தெருவில் நிற்கும் கார் ஒன்றிலிருந்து முப்பது முப்பத்தைந்து தப்படி தள்ளி நின்று உண்மையில் படித்துப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம். முடியவில்லை என்றால் முதலில் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

#20 வைகைக்கரை

வீட்டுல இருந்தே தேர்வு எழுதறதுன்னா என்னென்ன தயார் பண்ணணும்?

#21 எட்டுபோடு

ஆதார் வழி விண்ணப்பித்தவர்களுக்கு அந்த வசதி. ஆதார் இல்லாத வழியில் போட்டால் நாள் குறித்து ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும்.

கேமரா உள்ள லேப்டாப் அல்லது கணினி. வெளிச்சம் முகத்தின் மேல் விழ வேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துத் தெரிந்து சரிபார்ப்பு நின்றுவிடும். முதலில் சாலைப் பாதுகாப்பு வீடியோ ஒன்றை முழுதாகப் பார்க்க வேண்டும், அதைத் தள்ளி ஓட்ட முயல வேண்டாம். தேர்வுக்கான கடவுச்சொல் மொபைலுக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். நடுவில் முகம் திரையை விட்டு விலகினாலோ பின்னால் இன்னொருவர் எட்டிப் பார்த்தாலோ தேர்வு தடைபடலாம். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். விடை சொல்லித் தர ஆளை உட்கார வைக்கிற வேலையும் வேண்டாம். மின்வெட்டு நேரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

#22 கொங்குவண்டி

ரொம்ப நன்றிங்க. எல்.எல்.ஆர். வந்ததும் தனியா ரோட்டுல எடுத்துப் பழகலாம்தானுங்களே?

#23 முதல்கியர்

கூடாது. நிறையப் பேர் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் மீறுவது இந்த இடத்தில்தான்.

விதி 3-இன்படி, அந்த வகை வண்டிக்கு உரிமம் உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும். அவசரத்தில் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். காரில் பின் சீட்டில் உட்கார்ந்தால் கணக்கில் வராது. பைக்கில் பின்னால் உட்காரலாம் என்றால் அது கற்றுக்கொடுப்பவர் மட்டும்தான். நண்பரை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது.

காப்பீட்டு பாலிசியை எடுத்து 'டிரைவர்' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் விதி 3-ஐ நிறைவேற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் வழக்கமாக இருக்கும். தனியாக ஓட்டி எதிலாவது இடித்தால் இழப்பீட்டுப் பணம் சிக்கலாகிவிடும்.

காலக்கெடு: எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். கிடைத்து 30 நாள் முடிந்த பிறகுதான் ஓட்டுத் தேர்வுக்குப் போக முடியும். ஐந்தாம் மாதம் வரை தள்ளிப்போட்டால் தோற்றுவிட்டு மறுதேர்வு எழுத நாள் இருக்காது; எல்.எல்.ஆர். காலாவதியாகி எல்லாம் முதலிலிருந்து. இரண்டாம் மாதத்திலேயே தேதி எடுப்பது நல்லது.

#24 தென்காசிச்சாரல்

எல் போர்டுக்கு அளவு ஏதும் உண்டா சார்? கடையில் சின்ன ஸ்டிக்கர்தான் இருக்கிறது.

#25 பச்சைவிளக்கு

உண்டு. வெள்ளைப் பின்னணி, 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து சிவப்பில், குறைந்தது 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன், அடிப்பகுதி 9 செ.மீ. அகலம். முன்னாலும் பின்னாலும் இரண்டு வேண்டும். உள்ளங்கை அளவு ஸ்டிக்கர் செல்லாது. ஒரு வெள்ளை அட்டையும் சிவப்பு டேப்பும் வாங்கி, ஸ்கேல் வைத்து வெட்டி ஒட்டினால் போதும். காரின் பின்கண்ணாடியில் பார்வையை மறைக்காத மூலையாகப் பார்த்து ஒட்டுங்கள். பைக்கில் நம்பர் பிளேட்டை மறைக்காமல், ஹெட்லைட்டுக்குக் கீழே கட்டலாம்.